திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாதத்தில், எடப்பாடியிலிருந்து சில மைல் தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில் இது நடந்தது. மாரியம்மன் நோன்பித் திருவிழா சமயம். இன்றைக்கும் எங்காவது ஆயில் என்ஜின் ஓடும் சத்தம் கேட்டால் அந்த ராத்திரி எனக்குத் திரும்பி வந்துவிடுகிறது. நம் பக்கத்தில் எந்தத் தோட்டத்தைத் தாண்டினாலும் அந்தச் சத்தம் கேட்கும் என்பதால், எனக்கு அதிலிருந்து தப்பிக்க வழியே இல்லை.

நான் சேலத்தில் கோயிலைச் சேர்ந்த ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கோயில் என்றால் மாதா கோயில். கணவர் இறந்தபோது என் ஒரே மகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். அவள் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங்கும் முடித்து, ஏதாவது ஆபீசில் உட்காருவாள் என்று நான் காத்திருந்தபோது, ஒரு சினிமா ஸ்டூடியோவின் எடிட்டிங் அறையில் வேலை கிடைத்தது என்று வந்து நின்றாள். உறவினர்கள் எல்லாம் "பொண்ணை சினிமாவுக்கா அனுப்பறே?" என்று என்னைப் பிடுங்கி எடுத்தார்கள். உண்மையில் அங்கே அவளுக்கு வேலை கத்தரிக்கோலும் பசையும்தான். பெரிய நடிகர்களையெல்லாம் அவள் துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறாள்.

ஃபிலிமை ஒட்டி ஒட்டி, தானே ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு வந்துவிட்டது. கதைப் படம் இல்லை, நடப்பதை நடந்தபடி காட்டும் டாக்குமெண்டரி. படப்பிடிப்பில் மீந்துபோகும் துண்டு ஃபிலிம்களைக் கேட்டு வாங்கிச் சேர்த்தாள். கூட வேலை செய்கிறவர் ஒருவரிடம் பழைய கைக்காமிரா ஒன்று இருந்தது. கடிகாரத்துக்குக் கொடுப்பதுபோல் சாவி கொடுக்க வேண்டும், கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றுவிடும். சத்தம் பதிவாகாது. அதை இரவல் வாங்கி வந்தவள், கிணறு வெட்டுவதைப் படமெடுக்கப் போகிறேன் என்றாள்.

"கிணத்துல என்னடி இருக்கு பார்க்க?" என்றேன்.

"நம்ம பக்கம் சாப்பிடற சோறெல்லாம் கிணத்துலேர்ந்துதான் வருது. அதை வெட்டறவங்க மூஞ்சியை நீ பார்த்திருக்கியா?"

நான் பார்த்ததில்லை. ஆனால் என் கவலை வேறு. கல்யாணமாகாத பெண், வரன் வேறு பேசிக்கொண்டிருக்கிறோம், தனியாகக் காமிராவைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனால் ஊர் என்ன சொல்லும்? அதனால் கோடை விடுமுறையில் நானும் குடையோடு துணைக்குக் கிளம்பினேன். மகளுக்குக் காவல் போனவள்தான் நான். எனக்கு வேறு எந்தக் கொள்கையும் அப்போது கிடையாது.

என்னோடு வேலை செய்யும் ஆசிரியை ஒருத்தியின் சொந்த ஊர் அது. அவள் சொல்லிவிட்டதால், புதுக் கிணறு வெட்டிக்கொண்டிருந்த ஒரு நிலக்காரர் எங்களை வாய் நிறைய வரவேற்றார். வேலையாட்கள் அவரைப் பண்ணாடி என்றுதான் அழைப்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். "எங்க கெணத்தயா சினிமா புடிக்கறீங்க? புடிங்க, புடிங்க. ஏனுங்க, பாட்டு எத்தனை வெப்பீங்க?" என்று கேட்டார். பாட்டே கிடையாது என்றதும் அவருக்குச் சின்ன ஏமாற்றம். இருந்தாலும் மறுநாளிலிருந்து சலவை வேட்டியில்தான் தோட்டத்துக்கு வந்தார். எங்கள் இருவருக்கும் மதியச் சாப்பாடு அவர் வீட்டிலேயே. நல்ல மனிதர். இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன்.

கிணறு வெட்ட வந்தவர்கள் ஊருக்கு வெளியே தனியாகக் குடியிருப்பவர்கள். ஆண்கள் பாறையில் குழி அடித்து வேட்டு வைப்பார்கள். பெண்கள் உடைந்த கல்லைக் கூடையில் சுமந்து மேலே கொண்டுவந்து கொட்டுவார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி வாயாடி. முப்பது வயது இருக்கும். தலையில் கல்கூடையோடு ஏறி வரும்போதே என்னிடம் வம்பிழுப்பாள்.

"ஏனுங் டீச்சரம்மா, இந்தப் பொட்டிக்குள்ள போய்ட்டு வந்தா எங்க கறுப்பு வெளுக்குமாங்க?"

"வெளுக்காதுக்கா, இன்னும் கறுப்பாத்தான் தெரியும்" என்றாள் என் மகள்.

"அப்ப பண்ணாடியப் புடிங்க அம்மிணி, அவருதான் செவப்பு. எங்களப் புடிச்சு பிலிமு தீஞ்சு போச்சுன்னா ஆரு பதில் சொல்றது?"

வேலை செய்யும் எல்லோரும் சிரிப்பார்கள். பண்ணாடியும் சிரிப்பார்.

ஒருநாள் பாறைக்கு நடுவில் ஊற்றுக்கண் திறந்தது. என் மகள் காமிராவோடு கிணற்றுக்குள்ளேயே இருந்தாள். நான் மேலே நின்று மாதாவை வேண்டிக்கொண்டிருந்தேன். அந்த வாயாடிப் பெண் மண்டியிட்டு, கலங்கலாகக் கசிந்த தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டு, "இனிக்குதுங்கோ!" என்று மேலே பார்த்துக் கத்தினாள். எல்லோரும் அள்ளிக் குடித்தார்கள்.

தண்ணீர் நன்றாக ஏறிய பிறகு, ஒரு நல்ல நாளில் பூசை போட்டார்கள். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, புதுக்கிணற்றிலிருந்து முதல் குடம் இறைத்து வைத்தார்கள். அந்தப் பெண் கடைசிக் கல்லையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு வேர்வையோடு வந்தாள். குடத்துக்குப் பக்கத்தில் வரவில்லை. சற்றுத் தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குனிந்து, இரண்டு கையையும் சேர்த்து வாய்க்கு நேராக வைத்துக்கொண்டாள். பண்ணாடி செம்பில் மொண்டு, உயரத்திலிருந்து அவள் கையில் ஊற்றினார். யாரும் அவளைத் தடுக்கவில்லை. தடுக்கும்படி அவள் நடந்துகொள்ளவும் இல்லை.

என் மகள் சாவி கொடுத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். பண்ணாடி அதைக் கவனித்துவிட்டார். கவனித்ததும் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு, செம்பை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, "நல்லா விழுதுங்களா அம்மிணி?" என்று கேட்டார்.

நன்றாகத்தான் விழுந்தது.

அதை மறைக்க வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் அது கண்ணில் உறுத்தவில்லை. தீண்டாமை குற்றம் என்று சட்டம் வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது, வகுப்பில் அதைப் பாடமாக நடத்துகிறவளே நான்தான்.

ஃபிலிமைக் கழுவி, தினமும் ஸ்டூடியோ வேலை முடிந்த பிறகு ஒட்டி, படத்தை ஒரு ரீலாக முடிக்க அவளுக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. ஒருநாள் என்னை எடிட்டிங் அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கடைசிப் பகுதியில் அவள் ஒரே ஒரு வேலை செய்திருந்தாள். கிணற்றுக்குள் அந்தப் பெண் அள்ளிக் குடிக்கிற துண்டுக்கு அடுத்து, பூசையன்று கையேந்திக் குடிக்கிற துண்டை ஒட்டியிருந்தாள். இடையில் ஒன்றுமில்லை.

"அந்தக் கடைசித் துண்டை எடுத்துடு" என்றேன்.

"ஏன்?"

"அந்த மனுஷன் வீட்டுல சாப்பிட்டிருக்கோம்டி."

"அதனாலதாம்மா அவர் பக்கத்துல நின்னு நாம பார்த்த மாதிரியே வெச்சிருக்கேன். நான் எதுவும் சொல்லல. ரெண்டு துண்டை ஒட்டினேன், அவ்வளவுதான்."

சத்தம் இல்லாத படம் என்பதால், ஓடும்போது யாராவது மைக்கில் விளக்கம் படிக்க வேண்டும். அதை எழுதிப் படிப்பது என் பொறுப்பு. அந்த இடத்துக்கு, 'வெட்டியவர்களின் தாகத்தையும் தணித்தது அந்தக் கிணறு' என்று ஒரு வரி எழுதினேன். யாருக்கும் நோகாத வரி. அவள் வாசித்துப் பார்த்துவிட்டு, "சரி, வெச்சுக்கோ. படிக்கறதும் படிக்காததும் உன் இஷ்டம்" என்றாள்.

படம் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்ட பண்ணாடி, நோன்பிக்குத் தங்கள் ஊரில்தான் முதலில் காட்ட வேண்டும் என்று பிடிவாதமாக ஆள் அனுப்பினார். ஒரு டூரிங் டாக்கீஸ்காரரை மெஷினோடு வரவழைத்து, ஊர்ப் பொதுத் திடலில், எல்லோருக்கும் இலவசமாகத் தன் கிணற்றைக் காட்டுவதென்று ஏற்பாடு. பிறகு ஒரு சாமி படமும் உண்டு.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள். முன்வரிசையில் நாற்காலிகள். நடுவில் பண்ணாடி, பக்கத்தில் அவருடைய மைத்துனர். இவர் வெளியூரில் காலேஜில் படித்தவர். பின்னால் மணலில் ஊர் ஜனங்கள். கிணறு வெட்டியவர்களைக் காணவில்லையே என்று என் மகள் தேடினாள். அவர்கள் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

"அவங்க எப்பவும் அக்கட்டதானுங்க. அங்கிருந்தும் நல்லாத் தெரியும்" என்றார் பண்ணாடி.

என் மகள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பேசாமலிருந்தால்தான் எனக்குப் பயம்.

தலைப்பு எழுத்துகளோடு படம் ஓடத் தொடங்கியது. நான் மைக்கில் படித்தேன். நான் படித்தது யார் காதிலும் விழுந்திருக்காது. "டேய், உன்ற காளைடா!" "அட, அது நம்ம தென்னைமரம்!" என்று திடல் முழுக்கக் கூச்சல். பண்ணாடி சலவை வேட்டியில் வந்ததும் விசில் பறந்தது. அவர் குழந்தைபோல் சிரித்தார். வாயாடிப் பெண் கூடையோடு ஏறி வந்தபோது, திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரலே கேட்டது: "அது நானுங்கோ! நானேதானுங்கோ!"

பிறகு அந்த இடம் வந்தது. கிணற்றுக்குள் அவள் அள்ளிக் குடித்தாள். கையேந்திக் குடித்தாள். என் கையில் அந்த வரி இருந்தது. வாயைத் திறந்தேன். அவ்வளவு பெரிய திரையில், அவள் கைகளின் சுருக்கமெல்லாம் தெரிய, மேலேயிருந்து தண்ணீர் விழுகிறது. அதைப் பார்த்துக்கொண்டு அந்த வரியை என்னால் படிக்க முடியவில்லை. காகிதத்தை மடித்துவிட்டேன்.

திடல் அடங்கிப்போயிற்று. மெஷினுக்குக் கரண்ட் கொடுத்த ஆயில் என்ஜின் சத்தம் மட்டும்.

முதலில் புரிந்துகொண்டது மைத்துனர். எழுந்து, "நிறுத்துடா மெஷினை!" என்று கத்தினார். பண்ணாடி விழித்தார். "என்னாச்சு மாப்ள?"

"இன்னும் தெரியலயா? உங்க ஊட்டுச் சோத்தத் தின்னுபோட்டு உங்களையே அசிங்கப்படுத்தி வெச்சிருக்கறாங்க. இது டவுன்ல ஓடுச்சுன்னா நம்மளப் பத்தி என்ன பேசுவான்?" ஆபரேட்டரிடம் திரும்பினார். "அந்தத் துண்ட வெட்டி எடுத்து இங்க குடு."

எந்த ஆபரேட்டரிடமும் கத்தரிக்கோல் இருக்கும். அவர் கை அதற்குப் போனபோது என் மகள் போய் மெஷினுக்கு முன்னால் நின்றாள். ஐந்தடி உயரம் இருப்பாள், அவ்வளவுதான்.

"இதுல நடக்காதது ஏதாவது இருக்குதுங்களா? இருந்தா சொல்லுங்க, நானே வெட்டறேன்."

மைத்துனர் பண்ணாடியைப் பார்த்தார். பண்ணாடி தரையைப் பார்த்து, "நடந்ததுதானுங்க அம்மிணி. ஆனா அதயெல்லாம் படமாக் காட்டுவாங்களா?" என்றார்.

"எல்லார் முன்னாடியும் செய்யறதுதானுங்களே. எல்லார் முன்னாடியும் காட்டறேன்."

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எடப்பாடி ரோட்டுக்கு ஓடிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன். அப்போது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஒன்ஸ் மோர்!"

டென்ட் கொட்டகையில் சண்டைக் காட்சிக்கும் பாட்டுக்கும் கேட்பார்களே, அதே குரல். அந்த வாயாடிப் பெண்ணுடையது. பிறகு இன்னொரு குரல், பிறகு பத்து, பிறகு ஒரே விசில். துணியை யாரோ தட்டினார்கள், திரை முழுக்க அலை அலையாக ஆடியது. திரை கிழிந்துவிடுமோ என்று ஆபரேட்டர் பதறினார். "போட்டுடறேனுங்க, ஒருதரம் போட்டுடறேன், இல்லாட்டி ஓயமாட்டாங்க" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டே ரீலைத் திருப்பிச் சுற்றினார்.

மைக் என் கையிலேயே இருந்தது. இருபது வருடமாகப் பின்பெஞ்சுக்காரர்களிடம் பேசிய குரலில் நான் பேசினேன். "படம் மறுபடியும் ஓடப்போகுது. அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரியும். படிக்க முடியாது. எல்லாரும் எழுந்து முன்னால வந்து உட்காருங்க."

யாரும் வரவில்லை. நான் மறுபடியும் சொன்னேன். "முன்னால வாங்க. இடம் இருக்கு."

கம்பத்தைச் சுற்றிக்கொண்டு முதலில் அவள் வந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மணலின் ஓரத்தில், என் காலடியில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர். பிறகு எல்லோரும். நாற்காலிகள் காலியாயின. பண்ணாடி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். ஊர் ஜனங்களில் பாதிப்பேர் போனார்கள், பாதிப்பேர் இருந்தார்கள்.

இரண்டாம் முறை படம் முழுதாக ஓடியது. நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. தேவைப்படவில்லை. இந்த முறை அந்த இடம் வந்தபோது அவள் வாயே திறக்கவில்லை. தன்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரீல் முடிவதற்கும் முதல் கல் வந்து விழுவதற்கும் சரியாக இருந்தது. விளக்கு உடைந்து இருட்டாயிற்று. மைத்துனரோடு ஏழெட்டுப் பேர். யாரோ என்னைத் தள்ளினார்கள். என் மகள் ரீலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்தாள். புருவத்தில் கல் பட்டுப் பிளந்துவிட்டது. ரீலைப் பிடுங்கிக்கொண்டு போய் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். சினிமாச் சுருள் குப்பென்று பற்றும் என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. அது பற்றவே மாட்டேன் என்றது. கருகிச் சுருண்டு, சகிக்க முடியாத நாற்றம் விட்டது. அவர்களே மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

கிணறு வெட்டுகிறவர்கள் எங்களைச் சுற்றி நின்றுகொண்டதால்தான் அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஆபரேட்டர் எங்கள் இருவரையும் தன் வேனில் ஏற்றிக்கொண்டார். வண்டி கிளம்பும்போது பண்ணாடி மட்டும் தனியாக வந்தார். அவர் முகம் பேயறைந்ததுபோல் இருந்தது.

"டீச்சரம்மா, நானு என்னங்க தப்புப் பண்ணினேன்? தாகம்னு வந்தவளுக்குத் தண்ணி ஊத்துனது தப்புங்களா?"

ரத்தம் வழிய என் முந்தானையை நெற்றியில் அழுத்திக்கொண்டிருந்த என் மகள்தான் சொன்னாள்.

"ஊத்துனது தப்பில்லீங்க. செம்பக் கையில குடுத்திருக்கலாம்."

அவர் அப்படியே நின்றார். வண்டி நகர்ந்துவிட்டது.

வழியெல்லாம் நான் அழுதேன். ஒரு வருட உழைப்பு சாம்பலாகிவிட்டதே என்று அவளைத் தேற்றப் போனால், அவள் வலியோடு சிரிக்கிறாள். "அம்மா, அவங்க கொளுத்தினது பிரிண்டை. நெகட்டிவ் சேலத்துல பத்திரமா இருக்கு. அது இருக்கற வரைக்கும் எத்தனை வேணும்னாலும் எடுக்கலாம்."

புருவத்தில் தையல் போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. பேசிக்கொண்டிருந்த வரன் வீட்டார் 'இப்படிப்பட்ட பெண் எங்கள் குடும்பத்துக்குத் தாங்காது' என்று சொல்லி விலகிக்கொண்டார்கள். அவர்கள் சொன்னது சரிதான், தாங்காது. பள்ளிக்கூடத்திலும் என்னைக் கூப்பிட்டு, ஒரு ஆசிரியை ஊர்த் திடலில் மைக் பிடித்து இப்படிச் செய்யலாமா என்று கேட்டார்கள். எழுத்துத் தெரியாத இடத்தில் உட்கார்ந்தவர்களைத் தெரிகிற இடத்துக்கு வரச் சொன்னேன், வகுப்பிலும் அதைத்தான் செய்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

புதுப் பிரிண்டை ஆட்டையாம்பட்டியில் நெசவாளர்களுக்குக் காட்டினோம். மேட்டூரில் தொழிலாளர் குடியிருப்பில் காட்டினோம். இன்னும் பல ஊர்களில் காட்டினோம். சில இடங்களில் கைதட்டினார்கள், சில இடங்களில் பாதியில் எழுந்து போனார்கள், ஓரிடத்தில் மைக் ஒயரை அறுத்துவிட்டார்கள். ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் வேறொரு தோட்டத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண், படம் பார்க்கத் தன் ஆட்களோடு வந்திருந்தாள். அந்த ராத்திரிக்குப் பிறகு அந்த ஊரில் உங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லையாமே என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"போனாப் போகுதுங் டீச்சரம்மா. கெணறு வேணும்னா பாறைய அவங்களே பேத்துக்கட்டும்" என்றாள். பிறகு, "ஏனுங்க, நான் இன்னொருக்கா பாக்கோணும். இன்னிக்கும் ரெண்டு தரம் போடுவீங்களா?" என்றாள்.

போட்டோம்.

அந்தக் கிணற்றில் இன்று அவள் கையால் குடம் இறைக்க முடியுமா என்று என்னைக் கேட்டால், முடியாது. ஒரு ரீல் படம் அதை மாற்றிவிடவில்லை. எனக்கும் பயம் போய்விடவில்லை. ஒவ்வொரு ஊரிலும் விளக்கை அணைக்கும்போது என் மகளின் தலையைத்தான் முதலில் பார்த்துக்கொள்கிறேன். ஆனாலும் படம் தொடங்குவதற்கு முன் நானே எழுந்து போய், திரைக்கு அந்தப் பக்கம் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வருகிறேன், அங்கே ஒருவர் இருந்தாலும், அவர் முன்னால் வந்து உட்காருகிற வரையில், யார் என்ன சொன்னாலும் எங்கள் படம் தொடங்காது.